எந்த நரம்பு, அம்மா?

யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு காலைப்பொழுது குந்தியிருந்தால் போதும், 'நரம்பு' என்ற சொல் பல வேடத்தில் வந்துபோகும். நாரி பிடித்து வளைந்து வருகிறவர், "நரம்பு இழுக்குது டொக்டர்" என்கிறார். பத்து வருடமாகச் சலரோகத்தோடு இருக்கிற அம்மா, உள்ளங்கால் விறைத்துப்போனதை "நரம்பு செத்துப்போச்சு" என்கிறார். சேலைன் ஏற்ற வந்த தாதி கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு நரம்பு பிடிபடுதில்லை" என்கிறார். கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்து நெளிவதும் நரம்புதான். சோதினைக்கு முதல்நாள் கை நடுங்குகிற பிள்ளைக்கு இருப்பது 'நரம்புத் தளர்ச்சி'.

ஐந்து பேர் சொன்னது ஐந்து சங்கதி. நாரி பிடித்தவருக்குப் பெரும்பாலும் தசை இறுகியிருக்கும்; சிலருக்கு முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பின் வேரை நெரிக்கும். தாதி தேடியதும் கெண்டைக்காலில் நெளிந்ததும் இரத்தம் ஓடும் நாளங்கள். பிள்ளைக்கு இருந்தது பயம். உண்மையான நரம்பு நோய் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அந்தச் சலரோக அம்மாவின் பாதம் ஒன்றுதான்.

பேச்சுவழக்கில் ஒரு சொல் பல பொருளில் புழங்குவது குற்றமில்லை. ஆனால் அந்த அம்மாவின் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நரம்பு என்றால் இரத்தம் ஓடும் குழாய் என்று நினைக்கிற வீடு, "காலுக்கு இரத்தோட்டம் இல்லை, சூடு பிடிச்சால் சரிவரும்" என்று முடிவு செய்கிறது. வெந்நீர்ச் சட்டிக்குள் பாதம் போகிறது. சூட்டை மூளைக்குச் சொல்லவேண்டிய நரம்பிழைகள்தான் அங்கே பழுதுபட்டுக் கிடக்கின்றன. தோல் வெந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. அடுத்த நாள் கொப்புளம், அடுத்த கிழமை புண். ஆறாத புண் விரலைக் கேட்கிறது, பிறகு காலையே கேட்கிறது. அந்தப் பாதத்தைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும், வெந்நீரை முதலில் வேறொருவர் கைவைத்துப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு முற்றத்தில் இறங்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒருவர் மனதாரச் செய்ய வேண்டுமென்றால் நரம்பு என்பது எது, அது என்ன வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லின் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. யாழின் தந்திக்கும் தமிழில் நரம்பு என்றுதான் பெயர். இலையில் ஓடும் கோடும் நரம்பு. கைமணிக்கட்டில் எழும்பி நிற்கும் தசைநாணும் நரம்பு. கிரேக்க மொழியிலும் இதே கதைதான். நியூரோன் என்ற சொல் அங்கே முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலஸ், எராசிஸ்த்ராதஸ் என்ற இரு வைத்தியர்கள் உடலை அறுத்துப் பார்த்து, நரம்பு வேறு, நாளம் வேறு, நாண் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். அந்தப் பிரிவினை புத்தகத்துக்குள் போய், பள்ளிக்கூடத்துக்குள் போய், மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் போயிற்று. யாழ்ப்பாணத்திலும் அதே பயணம் தொடங்கியது. தொடங்கிய இடம் மானிப்பாய்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான். மானிப்பாயில் நோயாளரைப் பார்த்தார், பொடியன்களைச் சேர்த்து வைத்தியம் படிப்பித்தார். ஆங்கிலத்தில் தொடங்கிய அந்தப் படிப்பு 1860களில் தமிழுக்கு மாறியது. தமிழில் படிப்பிக்கத் தமிழில் புத்தகம் வேண்டுமே! மாணவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் வரிவரியாகத் திருத்த, நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறின. கல்வின் கட்டர் என்ற அமெரிக்கரின் பாடநூல் 1857இல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' ஆயிற்று. அங்காதிபாதம் என்றால் உடலின் அமைப்பு. சுகரணம் அதன் தொழிற்பாடு. உற்பாலனம் அதைப் பேணும் முறை. 'இரணவைத்தியம்' 1867இல் வந்தது. லண்டனில் 1858இல் முதன்முதலாக வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூலை முக்கிய ஆதாரமாகக் கொண்ட 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் தமிழில் வந்துவிட்டது. பதினாலே வருட இடைவெளி. உலகத்து வைத்திய மாணவர் இன்றும் புரட்டுகிற ஒரு நூல், அது பிறந்து பதினாலு வருடத்தில் வலிகாமத்துப் பொடியன் ஒருவனின் கையில் தமிழாக இருந்தது!

கிறீன் வந்தபோது யாழ்ப்பாணத்தில் வைத்தியமே இல்லாமல் இருக்கவில்லை. செகராசசேகரம், பரராசசேகரம் என்ற பெரும் வைத்திய நூல்கள் இந்த மண்ணில் எழுந்தவை. உடலின் ஒரு பக்கம் விழுந்துபோகிற நோய்க்குப் 'பாரிசவாதம்' என்று பெயரிட்ட பழைய வைத்தியர்கள், வாயும் கையும் காலும் ஒரே பாரிசத்தில் இழுப்பதை நுணுக்கமாகக் கண்டிருந்தார்கள். மூளையின் இடப்பக்கத்துக் கட்டளை வலப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக் கட்டளை இடப்பக்கத்துக்கும் குறுக்கே கடந்து போகிறது என்ற வழியைத்தான் புதிய நூல்கள் கொண்டுவந்து சேர்த்தன. இன்றும் வைத்தியசாலைக் கட்டிலில் அந்த நோய்க்குப் பாரிசவாதம் என்றே பெயர். நல்ல சொல் எந்தக் காலத்திலும் தாக்குப்பிடிக்கும்.

கிறீன் 1873இல் ஊருக்குத் திரும்பினார். அதே ஆண்டில் இத்தாலியில் கமில்லோ கொல்ஜி, மூளையின் ஒரு துண்டை வெள்ளி உப்பில் ஊறவைத்து நரம்புக்கலங்களைக் கறுப்பாக எழுந்து நிற்கச் செய்தார். அதுவரை நரம்புக்கலங்கள் வலைபோல ஒட்டிக் கிடக்கின்றனவா, தனித்தனியா என்று எவருக்கும் தெரியாது. ஸ்பெயின் தேசத்து ரமோன் இ கஹால் 1888 முதல் அதே சாயத்தைக் கொண்டு வரைந்து வரைந்து, அவை தனித்தனி என்று காட்டினார். ஆக, மானிப்பாய் நூல்களில் இருக்கிற நரம்புத்தொகுதி பாதிக்கதைதான். மீதிக்கதை எழுதப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் தமிழில் வைத்தியம் எழுதுகிற வேலை ஓய்ந்துபோயிருந்தது. கிறீன் மட்டும் அமெரிக்காவில் இருந்துகொண்டே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். 'மனுஷ சுகரணம்' 1883இல் வந்தது, அடுத்த ஆண்டு அவர் இறந்தார். தமிழருக்கான வைத்திய ஊழியர் என்று அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறது. கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்று ஒரு நூல் எழுதி அந்த மனிதரைத் திரும்ப நினைவுபடுத்தினார்.

அந்த மீதிக்கதையில் ஒரு பகுதி குருநகர் மீன்சந்தையில் கூறுபோட்டுக் கிடக்கிறது. கணவாயின் உடலை ஒரே மூச்சில் சுருக்கி நீரைப் பீச்சி ஓடவைக்கிற நரம்பிழை சில இனங்களில் ஒரு மில்லிமீற்றர் வரை பருமன். நூல்போலக் கண்ணுக்குத் தெரியும். மனிதனின் நரம்பிழைகளில் பெரும்பாலானவை அதில் நூறில் ஒரு பங்குகூட வரா. கணவாயின் இழைக்குள் மின்வாயைச் செலுத்தித்தான் இங்கிலாந்தின் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் செய்தி எப்படி ஓடுகிறது என்று கண்டார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற கட்டுரைகள் வெளிவந்தது 1952இல். நோபல் பரிசு 1963இல். வீட்டு வயரில் ஓடும் கரண்ட்போல அது ஓடுவதில்லை. நரம்பிழையின் சுவரில் சின்னச் சின்னக் கதவுகள் திறக்க, வெளியே உள்ள சோடியம் உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் பக்கத்துக் கதவைத் திறக்கிறது. ஒரு வேலிக்கு வைத்த தீ அடுத்த கதியாலைப் பற்றுவதுபோல அது நகர்கிறது. தீ எரித்துவிட்டுப் போகும். நரம்போ ஆயிரத்தில் சில பங்கு செக்கனுக்குள் மீண்டும் பழைய நிலைக்கு வந்து அடுத்த செய்திக்குத் தயாராகிவிடும். உப்பு மனித உடலுக்கு ஏன் வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

கொழுப்புறை போர்த்த பருத்த இழைகளில் செய்தி செக்கனுக்கு நூறு மீற்றர் வரை ஓடும். உறையில்லாத மெல்லிய இழைகளில் ஒரு மீற்றர் மட்டில்தான். இந்த வேறுபாட்டை யாழ்ப்பாணத்தில் வெறுங்காலோடு திரிந்த எவரும் தம் உடலிலேயே அறிந்திருக்கிறார்கள். நெருஞ்சிமுள் குத்துகிறது. 'ஐயோ' என்று வாய் சொல்ல முதலே கால் தூக்கியாயிற்று. அந்தக் கட்டளையை மூளை இடவில்லை. பாதத்திலிருந்து வந்த செய்தி முதுகிலுள்ள முண்ணாணிலேயே திரும்பித் தொடைத்தசைக்குப் போய்விட்டது. பாடசாலைப் புத்தகம் இதைத் தெறிவினை என்கிறது. பிறகு சுள்ளென்று ஒரு குத்து. அதற்கும் பிறகு, ஒரு மூச்சு விட்ட அளவில், கடுகடுவென்று பரவுகிற நோ. முதல் குத்து வேகமான இழையில் வந்தது, பின்னைய கடுப்பு மெதுவான இழையில் நடந்து வந்தது. வளர்ந்த மனிதனின் பெருவிரலிலிருந்து இடுப்பு ஒரு மீற்றர் தூரம். ஆகவே அந்த ஒரு செக்கன்.

முண்ணாண் என்பது தமிழ்நாட்டில் தண்டுவடம். சின்னிவிரல் பருமன், அரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளம். அதிலிருந்து 31 சோடி நரம்புகள் பக்கவாட்டில் இறங்குகின்றன. மூளையிலிருந்து நேரே புறப்படுவன 12 சோடி. ஒரு விஷயத்தை வாசகர் கவனிக்க வேண்டும்: முண்ணாண் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. இடுப்புப் பகுதியின் மேல் எலும்புகளோடு அது முடிந்துவிடும். அதற்குக் கீழே தொங்குவன குதிரைவால் மயிர்போலப் பிரிந்த நரம்பு வேர்கள் மட்டுமே. மூளைக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு வைத்தியர் முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்கிறபோது, "நாரியில தண்ணி எடுத்தால் பிள்ளைக்குக் கால் இழுத்துப்போடும்" என்று கையெழுத்து வைக்க மறுக்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்த ஊசி முண்ணாண் முடிந்த இடத்துக்குக் கீழேதான் போகிறது. அங்குள்ள வேர்கள் நீரில் மிதக்கும் நூல்கள் மாதிரி. பெரும்பாலும் ஊசிக்கு விலகிக் கொடுக்கும். இவ்வளவையும் ஒரு கடுதாசித் துண்டில் கீறிக்காட்ட ஒரு நிமிடம் செல்லும். கீறிக்காட்டாமல் 'சைன் வையுங்கோ' என்று மட்டும் கேட்டால் பயந்த தகப்பன் எப்படி வைப்பார்?

பனை ஏறுகிறவர்களின் வீடுகளில் இந்த உடற்கூற்றை வேறு விதமாக அறிந்திருக்கிறார்கள். பனையால் விழுந்தவர் காலை அசைக்க முடியாமல் கிடக்கிறார். ஓடிவருகிற அயல், அன்போடுதான், ஒருவர் கமக்கட்டிலும் ஒருவர் காலிலும் பிடித்து உடம்பை 'வ' எழுத்துப்போல மடித்து ஓட்டோவில் ஏற்றுகிறது. எலும்பு உடைந்திருந்தும் முண்ணாண் தப்பியிருந்தால், அந்தத் தூக்கலில் அது அறுபடலாம். கழுத்தில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்புகள் சேர்ந்துதான் மூச்சை இழுக்கும் பிரிமென்றகட்டுக்குப் போகின்றன. அதற்கு மேலே அறுந்தால் மூச்சே நின்றுவிடும். கீழே அறுந்தால் கால்கள் போகும், சலம் போவது தெரியாது. கையிலோ காலிலோ வெட்டுப்பட்ட நரம்பு, வைத்தியர் பொருத்திவிட்டால், நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் வளர்ந்து வரும். முண்ணாணுக்குள் அறுந்தது அப்படி வளர்ந்து சேர்வதில்லை. விழுந்தவரை அசைக்காமல், தலையையும் கழுத்தையும் நேரே பிடித்தபடி 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அந்தச் சேவை 2018 யூலையில் வடக்குக்கு வந்தது. அது வரத் தாமதமாகும் ஒழுங்கையென்றால் கழற்றிய கதவு ஒன்று போதும். நாலுபேர் ஒன்றாய், மரக்கட்டையை உருட்டுவதுபோல உருட்டி அதில் கிடத்தலாம். பனைத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டத்தில் ஒரு தடவையாவது இதைச் செய்துகாட்ட வேண்டும்.

இனி, இந்தத் தீபகற்பத்தில் நரம்பின் பாடத்தை ஒரே இரவில் படிப்பிக்கிற ஓர் உயிர். கட்டுவிரியன், எட்டடி விரியன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெயரால் விரியனாக இருந்தாலும் புடையனோடும் சுருட்டையோடும் இதற்கு உறவில்லை. அவற்றின் நஞ்சு முக்கியமாக இரத்தத்தை உறையவிடாமல் செய்யும். இதன் நஞ்சு நரம்பைத் தேடிப் போகும். இரவில் திரியும் பாம்பு. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரை நித்திரையிலேயே கடித்துவிட்டுப் போகும். வீக்கம் இராது, நோவும் பெரிதாய் இராது, பல்லுக்குறியைக்கூடத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். விடியப்புறம் வயிற்றுநோ. "இரவு சாப்பிட்டது ஒத்துவரேல்லை" என்று ஓமத்தண்ணி குடிப்பார்கள். பிறகு கண்மடல் கனத்து விழும், நித்திரைக்குறை என்று நினைப்பார்கள். விழுங்க முடியாமல் எச்சில் வழிகிறபோதுதான் வீடு திடுக்கிடும்.

உள்ளே நடப்பது இதுதான். நரம்பிழை தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையில் மயிரிழையிலும் எத்தனையோ மடங்கு சிறிய ஓர் இடைவெளி உண்டு. செய்தி கரைக்கு வந்ததும் நரம்பின் நுனியிலுள்ள சிறு பைகள் வெடித்து அசற்றைல்கோலின் என்ற பொருளைக் கொட்டும்; அது அக்கரையிலுள்ள தசையில் போய்ப் பொருந்த, தசை சுருங்கும். கண்ணிமைப்பதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் எல்லாம் இந்தத் தோணி ஓட்டத்தால்தான். விரியனின் நஞ்சு நரம்பின் நுனியையே காலிசெய்து சிதைத்துவிடுகிறது. தோணித்துறையே இடிந்த மாதிரி. பாம்புநஞ்சு முறிமருந்து இரத்தத்தில் மிதக்கிற நஞ்சைப் பிடிக்குமே தவிர, இடிந்த துறையைக் கட்டாது. உடல்தான் புது நுனியை வளர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு நாட்கள் செல்லும். அந்த நாட்களுக்கு மூச்சை இயந்திரம் நடத்தித் தருகிறது. ஆகவே 'வைத்தியசாலைக்குப் போயும் உடனே எழும்பேல்லை' என்று சொல்லி நோயாளியை விசகடி வைத்தியரிடம் திருப்பிக் கொண்டுபோவது அந்த இயந்திரத்திலிருந்து அவரைப் பிரிப்பதாகும். அதே விசகடி வைத்தியர்களில் பலர், கண்மடல் விழுந்தவரைக் கண்டதும் 'ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ' என்று சொல்லக்கூடிய நிதானம் உள்ளவர்கள். அவர்களை எதிரியாக்காமல் துணையாக்குவதுதான் புத்தி. நிலத்தில் படுக்காமல் கட்டிலில் படுப்பதும், நுளம்புவலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகுவதும் அந்த இயந்திரத்தைவிட மலிவான வைத்தியம்.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் கட்டிலில் கிடப்பவருக்கு இதயம் துடிக்கிறது, ஏனென்றால் இதயத்துக்குத் துடிப்பைத் தொடங்க நரம்பு தேவையில்லை; அதற்குள்ளேயே தாளம் போடுகிற கலங்கள் இருக்கின்றன. மூளையும் பழுதில்லை. கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை, ஆனால் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கலாம். பக்கத்தில் நின்று "இவர் தப்பமாட்டார்" என்று சொல்வதையும் கேட்கலாம். இதை அறிந்த தாதி, குழாயைத் தொட முன், "அண்ணை, இப்ப சளி எடுக்கப்போறன், கொஞ்சம் நோகும்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். ஒரு நரம்பு நுனியின் அறிவு ஒரு மனிதரை மனிதராக நடத்தச் செய்கிற இடம் இது.

போர் இந்த மண்ணில் விட்டுச்சென்ற நரம்புப் பாடம் வேறு. முகமாலையில் மிதிவெடியில் கால் போனவர், இல்லாத அந்தக் காலின் விரல்கள் இரவில் முறுகி நோகிறதென்று சொல்கிறார். வீட்டார் சிலர் 'மனப்பிரமை' என்பார்கள், சிலர் பேய் என்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தவர்களிடம் இதே முறைப்பாட்டைக் கேட்ட சைலஸ் வியர் மிட்செல், நரம்புக் காயங்களைப் பற்றிய தன் நூலை வெளியிட்டது 1872இல், 'மனுஷ அங்காதிபாதம்' வந்த அதே ஆண்டு. கால் போனாலும் காலுக்கென்று மூளையில் ஒதுக்கிய இடம் போவதில்லை. தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு பெட்டிக்குள் முகம்பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியவைத்தார். இருக்கிற கையை விரித்தால் இல்லாத கை விரிவதுபோலக் கண் காண, இறுகிக் கிடந்த கையை விரித்துவிட்டதுபோலச் சிலருக்கு நோ தணிந்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனால் அந்த நோ உண்மையானது, அதற்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்று நோயாளியிடம் தமிழில் சொல்லும்போதே பாதிப் பாரம் இறங்கும். 1987 முதல் யாழ்ப்பாணத்தில் செயற்கைக்கால் பொருத்திவரும் ஜெய்ப்பூர் நிலையத்துக்கு நடந்து போகிற ஒவ்வொருவருக்கும் இந்த விளக்கம் உரித்தானது.

பாரிசவாதத்துக்கு இங்கே அதிகம் எழுதத் தேவையில்லை. தெரியவேண்டியது நேரம் ஒன்றுதான். உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கான மூளை, உடல் பெறும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு அதற்குக் கிடையாது. வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணித்தியாலம் மட்டில்தான் கதவு திறந்திருக்கும். அதற்குள் இரத்தக்குழாய் அடைத்ததா வெடித்ததா என்று ஸ்கான் எடுத்தும் பார்க்க வேண்டும். தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் குடுத்து 'பின்னேரம் வரை பார்ப்பம்' என்று இருந்தால் கதவு சாத்தியாயிற்று. பாலமே இல்லாத நெடுந்தீவில் இருப்பவருக்கு அந்தக் கணக்கில் கடலும் சேர்கிறது.

இவ்வளவும் தெரிந்துகொள்ள யாழ்ப்பாணத்தில் படிப்பு இல்லாமல் இல்லை. சாதாரண தரப் பிள்ளை மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் என்று படத்தில் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுகிறது, தெறிவினை செல்லும் பாதையான தெறிவில்லைப் பிழையில்லாமல் கீறுகிறது. வீட்டில் அம்மப்பாவுக்கு வாய் கோணுகிறபோது அந்த அம்புக்குறி உதவிக்கு வருவதில்லை. அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகள் வெளியிட்ட காலத்தில் உழைத்தவர்கள் அரிய வேலை செய்தார்கள். முண்ணாண், தெறிவினை, பிரிமென்றகடு எல்லாம் அழகான சொற்கள். ஆனால் 'நீள்வளைய மையவிழையம்' என்பதை எந்தப் பேரன் பேத்தியிடம் கேட்டாலும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததாகத்தான் சொல்வார்கள். 'மூச்சையும் இதயத்தையும் பார்க்கிற மூளைத்தண்டு' என்றால் அப்பாச்சிக்கும் விளங்கும். தேர்வுச்சொல் ஒன்று, வீட்டுச்சொல் ஒன்று என்று இரண்டும் பாடநூலிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த முறிவு பல்கலைக்கழகத்தில். உயர்தரம் வரை தமிழில் உயிரியல் படித்த பிள்ளை, 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்குள் நுழைந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. உலக வைத்திய இலக்கியம் ஆங்கிலத்தில் இருக்கும்வரை அது அவசியம். கிறீனின் காலத்துக்குத் திரும்பிப் போய்த் தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்குவோம் என்று கேட்பது இன்று நடக்கிற காரியமல்ல. நடக்கக்கூடியது வேறு. ஒரு மாணவன் பட்டம் பெற முன், சலரோகப் பாதத்தையும் முதுகு ஊசியையும் பாரிசவாதத்தையும் ஒரு வலிகாமத்துக் கமக்காரருக்கும் ஒரு பாசையூர் மீனவருக்கும் தமிழில் விளங்கப்படுத்த வேண்டும். விளங்கியதா என்று அவர்களே சொல்ல வேண்டும். அதற்குப் புள்ளி இருக்க வேண்டும். வடக்கில் கடமைபுரியும் சிங்கள வைத்தியர்களுக்கும் ஒரு சிறு கைநூல் வேண்டும்: 'விறைக்குது', 'கடுக்குது', 'உளையுது', 'இழுக்குது', 'எரியுது', 'சுண்டி இழுக்குது' இவை ஒவ்வொன்றும் வேறு வேறு நரம்புச் செய்தி என்று சொல்லித்தருகிற கைநூல். நோவுக்கு இவ்வளவு சொல் வைத்திருக்கிற மொழி பேசுகிறவர், வைத்தியர் முன்னால் 'நரம்பு' என்ற ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிற்பது பெருங்குறை. கேட்கிறவர் சரியாகக் கேட்டால் அந்தச் சொற்கள் வெளியே வரும்.

பெரிய செலவு எதுவும் இதற்கு வேண்டாம். ஒவ்வொரு கிளினிக் கொப்பியின் பின்னட்டையிலும் ஒரு மனித உருவத்தை வெறும் கோடாக அச்சிட்டுத் தரலாம். வைத்தியர் 'எந்த நரம்பு, அம்மா? எந்த இடத்தில தொடங்கி எங்க போகுது?' என்று கேட்டு, பேனையால் பாதத்திலிருந்து முதுகு வரை ஒரு கோடு இழுத்து, பழுதான பகுதியை மட்டும் புள்ளி புள்ளியாக்கி, 'இதால்தான் வெந்நீர் சுடுறது உங்களுக்குத் தெரியாது' என்று சொல்லலாம். அம்மா அந்தக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளுக்குக் காட்டுவார், மகள் வெந்நீர்ச் சட்டியை அடுப்படியிலேயே வைத்துவிடுவாள். அடுத்த இலக்கத்தைக் கூப்பிட முதல், இரண்டு நிமிடம்.